ராஜவேலு அண்ணனுக்கு பொண்ணு கேட்கப் போன கதை

நேத்து சாயங்காலம் எனக்கு இருந்தது ஒரே வேலைதாங்க. பக்கத்து வூட்டு ராஜவேலு அண்ணன பைக்ல ஏத்திக்கினு போய், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கலைச்செல்வி அக்காவோட பரோட்டா கடையில எறக்கி வுடணும். அவ்ளோதான்!

அண்ணன் பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு. வந்ததும் கல்வராயன் மலை அடிவாரத்துல கோழிப்பண்ணை வச்சாரு. பாதிய கீரிப்புள்ள தின்னுச்சு. மீதிய சொந்தக்காரங்க தின்னாங்க. இப்ப ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன். ஊரு கல்யாணம் எல்லாத்துக்கும் வாசல்ல நிக்கிறாரு, அவருக்கு மட்டும் இன்னும் ஆவல.

அக்காவுக்கு புருசன் தவறி ரொம்ப வருசம் ஆச்சு. அண்ணனுக்கு அவங்க மேல ஒரு இது. தெனமும் அங்கதான் சாப்பாடு. இத்தன நாளா அவங்களாண்ட பேசுனது "பரோட்டா", "சால்னா", "போதும்".

இப்ப இன்னாடான்னா, அக்கா கடைய மூடிட்டு தியாகதுருகத்துல தம்பி வூட்டுக்கே போவப்போறாங்கன்னு சேதி! அண்ணன் வெலவெலத்துப் போயிட்டாரு.

"தம்பி, இன்னிக்கு கேட்டே ஆவணும். நீ கூட இரு."

"இன்னாண்ணே பயம்? பார்டர்ல குண்டு பாத்தவரு நீங்க!"

"குண்டு வந்தா படுத்துக்கலாம்பா. இங்க எங்க படுக்குறது?"

நான் என்னமோ காதல் மன்னன் மாதிரி வழியெல்லாம் டயலாக் சொல்லிக்குடுத்துக்கினே போனேன். என் கல்யாணத்துல பொண்ணாண்ட பேசுனதே எங்கம்மாதான்!

"எனக்கு தானா வராதுப்பா"ன்னாரு அண்ணன். "யாராச்சும் உத்தரவு போட்டா டக்குனு செஞ்சிடுவேன்."

கடைக்குள்ள போனா டிவியில காமெடி நாடகம். எங்க கெட்ட நேரம், அன்னிக்கு எபிசோடு முழுக்க ஒரு பட்டாளத்துக்காரன் நர்சம்மாவாண்ட காதல சொல்ல முடியாம முழிக்கிறான். சொல்லப் போவான், விக்கல் வந்துடும். மறுபடி போவான், மாடு முட்டிடும். கடையே சிரிக்குது. கல்லாவுல அக்கா கண்ணுல தண்ணி வர சிரிக்கிறாங்க.

அண்ணன் மட்டும் சிரிக்கல. "யாருப்பா இவங்களுக்கு என்னப்பத்தி சொன்னது?"ன்னு என் காதுல கேக்குறாரு.

நான் அவர கல்லாவாண்ட தள்ளிக்கினு போயிருக்கணும். இன்னா பண்ணேன்? நானும் வாயப் பொளந்துக்கினு டிவி பாத்தேன்!

கடைசி சீனு. நர்சம்மா பஸ் ஏறுறாங்க. இவன் பெஞ்சுல உக்காந்தே இருக்கான். எனக்கு தாங்கல. டிவிய பாத்து கத்திட்டேன்.

"யோவ் பட்டாளம்! எழுந்து சொல்லுயா!"

பக்கத்துல பெஞ்சு சரிஞ்ச சத்தம். பாத்தா, அண்ணன் அட்டென்ஷன்ல நிக்கிறாரு! சல்யூட் வேற! கண்ணு நேரா. நேரா இருந்தது அக்கா இல்ல. பரோட்டா மாஸ்டரு.

"நான் உங்கள கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படுறேங்க!"

மாஸ்டர் கையில வீசுன மாவு கீழ விழுந்துச்சு. மீசைய தடவிக்கினு ரொம்ப மரியாதையா சொன்னாரு.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க சார்."

அண்ணனுக்கு வேர்த்து ஊத்துது. தூக்குன கைய எறக்கவும் தெரியல. எனக்கு அழுவையே வந்துடுச்சு. இத்தன நாள் ஆசை, என் ஒரு கத்தல்ல போச்சே!

அக்கா டிவிய நிறுத்துனாங்க.

"மாஸ்டரே, அவரு உன்னாண்ட கேக்கல."

அப்புறம் அண்ணன பாத்து, "ஏங்க, எத்தன நாளைக்குத்தான் பரோட்டாவையே பாத்துக்கினு இருப்பீங்க? ஒருதரம் இந்தப் பக்கம் திரும்பி கேளுங்க."

அண்ணன் அசையல. ஓரக்கண்ணால என்னைய பாக்குறாரு. உத்தரவு வேணுமாம்!

"ரைட் டர்ன்!"

திரும்புனாரு பாருங்க, மெஷின் மாதிரி! முழங்கை பட்டு சால்னா வாளி அப்டியே என் மேல! நல்லவேளை, ஆறுன சால்னா. ஒருத்தராச்சும் என்னைய பாக்கணுமே? ம்ஹூம்!

"உங்கள… கல்யாணம்…" அண்ணன் கொரலு இப்ப கெணத்துக்குள்ள இருந்து வருது.

"சரி"ன்னாங்க அக்கா. "மொதல்ல கைய எறக்குங்க."

அங்கியே தம்பிக்கு போன் போட்டு, "நான் வரலடா"ன்னு சொல்லிட்டாங்க. தை மாசம் கல்யாணமாம்.

அடுத்தவங்க காதலுக்கு தொணைக்கு போறவங்க, தயவுசெஞ்சு வெள்ளை வேட்டி கட்டிக்கினு போவாதீங்க.