ஆன்டெனாவில் அமர்ந்த சேனை

மலைச்சரிவில் தொங்கிய தேனடைக்கு முதன்முதலில் கைநீட்டிக் கொட்டுவாங்கி, வலியில் அலறி, விரலை நக்கிப் பார்த்து, அலறலை அப்படியே நிறுத்திவிட்டு மறுபடியும் கைநீட்டிய அந்தப் பெயரறியா ஆதிமனிதன் வாழ்க! அவன் வழிவந்தோர் படைத்த தேனையும் தினைமாவையும் சலிக்காமல் உண்டுவரும் குன்றக்குமரன் வாழ்க! மரப்பொந்திலும் மண்பானையிலும் ஒண்டுக்குடித்தனம் நடத்திய நம் நாட்டுத் தேனீக்கு, அதன் சிற்றுடம்புக்கு ஏற்றபடி சிறிய மரப்பெட்டி செய்துகொடுத்த வெள்ளைக்காரப் பாதிரியார் வாழ்க! இம்மூவருக்கும் அடுத்து நான்காவதாக, ஆனால் தம் கணக்கில் முதலாவதாக, வாழ்த்துக்குரியார் ஒருவர் உண்டு. கோப்புக்கடல் நீந்தி நாள்தோறும் தாம்பரம் ஸ்டேஷனில் கரையேறும் குமாஸ்தாகுலத் திலகம், வாரக்கடைசிப் பயிற்சி முகாமில் தேனீக்கலையைக் கரைத்துக் குடித்த மாமேதை, செம்பாக்கம் ஏரிக்கரை மனைப்பிரிவில் மொட்டைமாடியில் பெட்டி வைத்த பெருந்தகை கஸ்தூரிரங்கனாரே அவர்.

அவர் பெட்டி தந்த தேன் கொஞ்சம். அதைப்பற்றி அவர் தந்த பேச்சோ ஏராளம். பால்காரர் ஆயினும், கேஸ் சிலிண்டர் இறக்க வந்தவர் ஆயினும், தவறான விலாசத்தில் கதவைத் தட்டியவர் ஆயினும், அவர் வாசலை மிதித்தோர் எவரும் தேனீயின் வரலாறு கேளாமல் திரும்பியதில்லை. "தேன்கறது வெறும் கொசுறு சார். விளைச்சல்தான் நிஜமான வரும்படி. தேனீ பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகலேன்னா பரங்கி ஏது, பீர்க்கங்காய் ஏது, சூரியகாந்தி ஏது?" என்று அவர் முழங்குகையில் சிலிண்டர் தோளில் கனக்க நின்றவர் தலையாட்டுவார். சொன்னது அத்தனையும் சத்தியம். சொன்ன இடம்தான் பிசகு. ஏனெனில் முன்பு நெல்லும் கத்தரியும் விளைந்த அந்நிலம் கல் நட்டு மனைகளாகக் கூறுபோடப்பட்டுவிட்டது. இலை கொட்டிக் குப்பையாகிறதென்று மரத்தை வெட்டினர் சிலர்; பாம்பு வருமென்று செடியைப் பிடுங்கினர் சிலர். முதல் மனையை வாங்கிய கஸ்தூரிரங்கனாரோ மதிலுக்கு மதில் சிமெண்டு பூசி, அந்தத் தரையின்மேல் நின்றபடியே வேளாண்மையின் பெருமையை உரைத்து வந்தார்.

அவர்தம் எதிர்மனைவேந்தர் ஏகநாதனார். அந்த நிலம் முழுவதையும் ஒருகாலத்தில் உழுத குடியில் தோன்றியவர். ஏரை விற்று, மாட்டை விற்று, கடைசியில் நிலத்தையும் மனைமனையாக விற்று, தாம்பரத்தில் சிமெண்டுக் கடை வைத்த செல்வர். அவர் மாடியில் வானைக் குத்தி நின்றது ஓர் ஆன்டெனா. அதற்கு அருகிலேயே, தரையில் ஒரு முழ மண்ணில் வேரூன்றிக் கயிற்றின் வழியே ஏறி, மாடியில் முழங்கால் உயர மூங்கில் பந்தலில் படர்ந்திருந்தது ஒரு பரங்கிக்கொடி. சுற்றுவட்டாரத்தில் பூவென்று சொல்ல மிஞ்சியது அந்த ஒரு கொடிதான். அதை நட்டு நீரூற்றி வளர்த்தவர் ஏகநாதனாரின் இல்லத்தரசி. அந்த அம்மாளின் பெயரைக் கஸ்தூரிரங்கனார் கேட்டதில்லை. அயலார் மனைவியின் பெயரை விசாரிப்பது அவர் வளர்ந்த வீட்டில் வழக்கமும் இல்லை. இது நினைவில் இருக்கட்டும், போரின் காரணம் இதிலேதான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தென்னாட்டுத் தேனீக்களின்மேல் ஒரு கொள்ளைநோய் பாய்ந்து, புழுப்பருவத்திலேயே அவற்றைக் கொன்று, ஊர் ஊராகப் பெட்டிகளைக் காலிசெய்துகொண்டிருந்தது. பயிற்சி தந்த முகாமிலேயே ஒரு தேனீ மிச்சமில்லை. கஸ்தூரிரங்கனாரின் ஒற்றைப்பெட்டி மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. இது போனால் இன்னொன்று எங்கே தேடினும் கிடைக்காது. அதனால் அவர் காலையில் காப்பி குடிக்குமுன் பெட்டியில் காதை வைத்து ரீங்காரம் கேட்பார். கேட்டபின்தான் அவருக்கு உயிர் வரும். பூவில்லாப் பட்டணத்தில் அவை வாடுகின்றன என்று கண்டு, ரேஷன் சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி ஊற்றியும் வந்தார். பாகு பிடிக்கவில்லையோ பேச்சு பிடிக்கவில்லையோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ராணியை நடுவில் வைத்துக்கொண்டு அச்சேனை கூண்டோடு கிளம்பியது. கிளம்பிய சேனை, தனக்குச் சோறுபோட்ட பரங்கிப்பந்தலை ஒருமுறை சுற்றி, ஏகநாதனாரின் ஆன்டெனாவில் தாடி தொங்கவிட்டாற்போல் அமர்ந்தது.

ஞாயிறு மாலை என்பது யாது? தெருவிலுள்ளோர் யாவரும் ஏகநாதனாரின் கூடத்தில் காலை மடக்கி அமர்ந்து தொலைக்காட்சியில் படம் பார்க்கும் புனிதவேளை. பெயர் போட்டு முடிந்து, கதாநாயகியின் அப்பா மாரடைப்பில் நெஞ்சைப் பிடித்த அக்கணத்தில் திரை நடுங்கியது. அப்பா இரண்டாகத் தெரிந்தார். பிறகு ஒருவராகவும் தெரியவில்லை. கூடம் கொதித்தது. ஏகநாதனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறி, அண்ணாந்தும் பாராமல், வழக்கம்போல் ஆன்டெனாக் கம்பத்தை இரு கையாலும் பற்றித் திருகினார்.

"இப்ப தெரியுதா?"

"தெர்ல!"

"இப்ப?"

"இன்னும் பேஜாரா கீது!"

மூன்றாம் முறை அவர் திருகிய திருகலில் சேனையின் முன்னணிப்படை இறங்கி வந்தது. ஏகநாதனாரின் மேலுதடு நொடியில் வீங்கிப் பழுத்தது. அவர் எழுப்பிய ஓலத்தைக் கீழே இருந்தோர் படத்திலுள்ள அப்பா செத்துப்போன அழுகை என்று எண்ணிக் கண்கலங்கினர். பின்பு அவர் துணிசுற்றிய கோலை மண்ணெண்ணெயில் நனைத்துப் பற்றவைத்து, மூன்றுலோகமும் கேட்கக் கூவினார்: "ஒரு ஈ கூட உசுரோட போவாது, பாத்துக்க!"

கேட்டார் கஸ்தூரிரங்கனார். பெட்டியில் காதை வைத்தார், சத்தமில்லை. நெஞ்சு நின்றேபோயிற்று. நின்ற நெஞ்சோடு போர்க்கோலம் பூண்டார்: தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட், அதன்மேல் முழங்கால்வரை கொசுவலை, கையுறை கிடைக்காததால் இரு கைகளிலும் காலுறை, வலக்கையில் சேனையை ஏந்த ஒரு மூங்கில்கூடை. இக்கோலத்தில் அவர் தெருவைக் கடந்தபோது நாய்கள் குரைக்கவும் மறந்தன. ஏகநாதனாரின் மாடிப்படியை எட்டிப் பிடித்து, எரியும் பந்தத்துக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே போய் நின்றார்.

இங்கே ஒரு சிறு விளக்கம். கஸ்தூரிரங்கனாரின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பூவைப் பூவென்று சொல்வதில்லை, புஷ்பம் என்பதே வழக்கு. வெளியாரோடு பேசுகையில் முயன்று பூ என்பார். பதற்றம் வந்தால் வீட்டுப்பேச்சு வந்துவிடும். அன்றோ அவருக்குப் பதற்றம் உச்சந்தலைவரை ஏறியிருந்தது.

"ஏகநாதன் சார், நெருப்பு வெச்சுடாதீங்கோ! இதெல்லாம் உங்காத்து புஷ்பத்தைத் தேடித்தான் தெனம் வர்றது. உங்க புஷ்பம் இல்லேன்னா என் கதி என்ன? கார்த்தால உங்க புஷ்பம் மலர்ந்து நிக்கற அழகை நான் எங்காத்து மாடியிலேருந்து தெனம் பாத்துண்டே இருக்கேன் சார்!"

படியேறி வந்து எட்டிப்பார்த்த தெருவார் வாயைப் பொத்தினர். ஏனெனில் ஏகநாதனாரின் இல்லத்தரசியின் பெயர் புஷ்பம்.

"யோவ்," என்றார் ஏகநாதனார், வீங்கிய உதட்டின் வழியே. "இன்னாய்யா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

தம் உரையை ஒருவர் மறுபடி கேட்பது கஸ்தூரிரங்கனாரின் வாழ்வில் அதுவே முதன்முறை. உச்சிகுளிர்ந்தார், விரித்துரைக்கலானார். "உங்க புஷ்பத்தை நான் ஒருநாள்கூடத் தொட்டதில்லை சார். தேனீதான் தொடறது. அதனாலதான் உங்களுக்கே நாலு பிஞ்சு பிடிக்கறது!"

அதன்பின் நடந்ததைப் பாட ஆயிரம் நா வேண்டும், இருப்பதோ ஒன்று. ஏகநாதனார் கொசுவலையைப் பற்றினார். கஸ்தூரிரங்கனார் பந்தத்தின் கோலைப் பற்றினார். இவர் இழுக்க அவர் தள்ள, இருவரும் தண்ணீர்த்தொட்டியை இருமுறை வலம்வந்தனர். ஹெல்மெட் திரும்பி முகத்தை மறைத்ததால் நம் தலைவர் பெரும்பகுதிப் போரைக் குருடராகவே நடத்தினார். வலைக்குள் அகப்பட்ட ஒரு தேனீ, நட்பு பகை பாராமல் தன் எசமானின் காதிலேயே கொட்டிற்று. 'என் குழந்தைகளைக் கொளுத்தாதே' என்று அவர் ஹெல்மெட்டுக்குள் அழுதது யார் காதிலும் விழவில்லை. அழுதது நிஜம்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் புஷ்பம். கணவர் கையிலிருந்த பந்தத்தைப் பிடுங்கித் தண்ணீர்த்தொட்டியில் அமிழ்த்தினாள். புஸ்ஸென்ற ஓசையோடு போர் அவிந்தது.

"இந்தாய்யா, அவரு கொடியில கீற பூவைச் சொல்றாரு. உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேகம்? மின்னெல்லாம் பிஞ்சு வெம்பி வெம்பி வுழுந்துச்சி. இந்த ஈங்க வந்தப்புறம்தான் காயே நிக்குது. நீ கொளுத்திப்புட்டு, நாளிக்கி பூவு பூவா நீ போய் ஒக்காருவியா?"

கஸ்தூரிரங்கனார் ஆண்டுக்கணக்கில் முழங்கிய வேளாண் உரை முழுவதும் அந்தக் கடைசி வரியில் அடங்கிவிட்டது. அவருக்கு அதில் சற்று வருத்தம்தான். ஏகநாதனாரோ பூப்பூவாய் உட்காரும் நிலையில் இல்லை. உதட்டைப் பொத்தியபடி விலகி நின்றார்.

பிறகு நிகழ்ந்தது மகத்தான மீட்பு. முக்காலிமேல் ஏறினார் நம் தலைவர். கூடையைத் தாடிக்கு நேர்கீழே ஏந்தினார். இறைநாமம் சொல்லி ஆன்டெனாவை ஓர் உலுக்கு உலுக்கினார். பொத்தென்று விழுந்தது சேனை, ராணியோடு. சிதறிப் பறந்த வீரர்களும் தலைவியின் வாசனை கண்டு கூடைக்குள் புகுந்தனர். கைதட்டல் வானைப் பிளந்தது. ஹெல்மெட் மறைத்த விழிகளோடு, கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, வெற்றிக்கூக்குரலோடு முக்காலியிலிருந்து பின்புறமாக இறங்கிய கஸ்தூரிரங்கனார், தரையென்று எண்ணிக் கால்வைத்தது பரங்கிப்பந்தலின் மேல். மூங்கில் முறிந்தது. கயிறு அறுந்தது. மஞ்சள் பூக்களும் பிஞ்சுகளும் அவர் எடையின்கீழ் நசுங்க, பசுந்தண்டு அடியோடு துண்டாகி அவர் கணுக்காலில் வீரக்கழலாய்ச் சுற்றியது. ஆயினும் என்னே வீரம்! விழுந்தபோதும் கூடை சாயவில்லை. "கூடை பத்திரம், கூடை பத்திரம்!" என்று எல்லாரும் ஆர்ப்பரித்தனர், ஏகநாதனாரும் தம்மை மறந்து விசிலடிக்க முயன்றார், உதடு இடந்தரவில்லை. அறுந்த தண்டைப் பார்த்தபடி நின்றவள் புஷ்பம் ஒருத்தி மட்டுமே.

கொடிக்கழல் இழுபட, கூடை ஏந்தி, சேனையைப் பெட்டியில் மீண்டும் குடியேற்றினார் தலைவர். மறுநாள்முதல் அவ்வரலாறு அவர் உரையில் ஓர் அத்தியாயமாயிற்று. சிலிண்டர்காரர் தோளுக்கு அது கூடுதல் சுமையாயிற்று. 'தேனீயைக் காத்தவன் உழவைக் காத்தவன்' என்று அவர் பேசப்பேச, உள்ளே சேனை பாகை மட்டும் தின்று, பூத்தேடிப் போய் வெறும் சிமெண்டைச் சுற்றித் திரும்பி, அவ்வாரக் கடைசியில் எவரும் காணாத ஒரு நண்பகலில் மறுபடியும் கூண்டோடு கிளம்பிற்று. இம்முறை எந்த ஆன்டெனாவிலும் அது அமரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பத்தை பரங்கிக்காய் வாங்கினாள்.