நான் கொன்ற ஆம்ப்

ஸ்பீக்கர் வயர் தரையில் கிடந்தது. கிதார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வால்யூம் பத்தில் இருந்தது.

இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. உள்ளே கண்ணாடி ட்யூப்கள் எரிகிற பழைய ட்யூப் ஆம்ப் வாங்கப் போகிற எவருக்கும் முதலில் சொல்லித்தருகிற பாடமே அதுதான். ஸ்பீக்கர் மாட்டாமல் போட்டால், உள்ளே பொங்குகிற சத்தத்துக்குப் போக்கிடம் இல்லாமல் ட்ரான்ஸ்ஃபார்மர் தீய்ந்து போகும். நானோ, "ஏன் சத்தம் வரல?" என்று கேட்டுக்கேட்டு வால்யூமை ஏற்றி, ஒரு முழு நிமிஷம் கிதாரை விளாசியிருந்தேன்.

இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். சிரிக்காதீர்கள்.

ஆம்பை விற்க வைத்திருந்த டோலஃப்சன் சார் மேல் தப்பே சொல்ல முடியாது. செயின்ட் க்ளவுடில் அவர் வீட்டு நிலவறைக்கு என்னைக் கூட்டிவந்து, "நீயே நிதானமா செக் பண்ணிக்கோ கண்ணு. நான் பக்கத்துல நின்னா உனக்குக் கூச்சமா இருக்கும். மேல போய் காபி போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பட்டியல் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதலில் தொட்டுப் பார், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அடுத்து, தீய்ந்த வாசனை வருகிறதா என்று மோந்து பார். ஆம்பைத் திருப்பி வைத்து, பின்னால் மூக்கை விட்டு நாய் மாதிரி மோந்தேன். அப்போதுதான் தெரியாமல் வயரைப் பிடுங்கியிருப்பேன். என் கையாலேயே.

வெஸ்ஸுக்குப் போன் போட்டேன். எங்கள் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கிறவன்.

"வெஸ், கொன்னுட்டேன்டா."

"யாரை?"

"ஆம்பை. வயர் கழண்டு கிடந்துச்சு. பாக்காம போட்டுட்டேன்."

"அடிப்பாவி! நீ ஆம்ப் வாங்கப் போனியா, கருமாதி பண்ணப் போனியா?"

"மெதுவா பேசு. அவரு மேலதான் இருக்காரு."

"இங்க பாரு பிரிட்டா, சனிக்கிழமை பௌலிங் கூடத்துல வாசிக்கறோம். உன்கிட்ட ஆம்ப் இல்லன்னா அந்தக் கோல்டன் பயதான் கிதாரு வாசிப்பான். அவன்கிட்ட ஆம்ப் இருக்கு."

"அவனுக்குக் காதே கிடையாதேடா!"

"காது இல்லாதவன் வாசிச்சா கேக்கும். ஆம்ப் இல்லாதவ வாசிச்சா கேக்காது."

ஆம்பை அணைத்து, வயரை மாட்டி, மறுபடி போட்டேன். பழைய ஆம்ப் என்றால் தூக்கத்தில்கூட ஒரு முனகல் இருக்கும். இதில் அதுவும் இல்லை.

"பென்சிலால ட்யூபைத் தட்டிப் பாரு" என்றான் வெஸ்.

தட்டினேன். டிங்.

"வருதா?"

"கண்ணாடி சத்தம்தான் வருது."

"அப்ப ஒண்ணைக் கழட்டித் திருப்பி மாட்டு. சரியா உக்காரலையோ என்னமோ."

"சூடா இருக்குமேடா."

"சாக்ஸ் போட்டிருக்கல்ல? அதால பிடி. முதல்ல ஆஃப் பண்ணித் தொலை!"

அணைத்தேன். ஒரு ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். சாக்ஸால் ட்யூபைப் பிடித்து இழுத்தேன். அது வந்தது. கூடவே சூடும் வந்தது. கை தானாக உதறியது. ட்யூப் சிமெண்ட் தரையில் விழுந்து, மரியாதையாக, "டப்" என்றது.

"என்ன சத்தம்?"

"ட்யூப்."

"எந்த ட்யூப்?"

"இப்ப அது எந்த ட்யூப்பும் இல்ல."

அதே நேரம் மாடிப்படிக்கு மேலிருந்து குரல் வந்தது. "கண்ணு! சத்தமே காணோமே! வெக்கப்படாம வாசி!"

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன். "ட்ர்ர்ராங்... ட்ர்ராங்... வ்வ்யாஆஆங்..."

"அடடா!" என்றார் மேலிருந்து. "அந்தக் காலத்து டோன் அப்படியே இருக்கு பாத்தியா!"

போனில் வெஸ் துள்ளினான். "ஏய், ஓடிடுச்சா? சூப்பரா கேக்குது!"

"நான்தான்டா அது. என் வாயி."

"கோல்டனுக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்றான்.

போனை வைத்தேன். கண்ணாடித் துண்டுகளைச் சாக்ஸுக்குள் திணித்தேன். சாக்ஸைக் கிதார்ப் பைக்குள் திணித்தேன். படியில் காலடிச் சத்தம். டோலஃப்சன் சார் இரண்டு கோப்பைகளோடு நின்றார். என் வெறுங்காலைப் பார்த்தார். ஆம்பில் ட்யூப் இல்லாத ஓட்டையைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வயர், வால்யூம், பென்சில், வாய்.

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாக ஆம்ப் மேல் கையை வைத்தார், நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"என் தம்பி இதுலதான் வாசிச்சான்" என்றார்.

"அய்யோ. அவரு இப்ப..."

"ஃப்ளோரிடா போயிட்டான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு கோடைக்காலம் ஐஸ்கிரீம் கடையில் கரண்டி பிடித்துச் சேர்த்த பணம் ஒரு உறையில் இருந்தது. நீட்டினேன்.

"சேச்சே, வேண்டாம் கண்ணு. தெரியாம நடந்ததுதானே."

எங்கள் மினசோட்டாவில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை வேண்டாம் என்பது பாசம். மூன்றாம் தடவையும் நீட்டாமல் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. இரண்டாம் தடவை நீட்டினேன்.

"உன் வயசுப் பிள்ளைகிட்ட வாங்கினா நான் மனுஷனா?"

மூன்றாம் தடவை நீட்டினேன்.

"சரி, உன் மனசு ஆறட்டும்" என்று வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆம்பை நான் எடுத்துட்டுப் போயிடறேன் சார்."

"எதுக்கு? பாக்கறப்பல்லாம் உனக்கு அழுகை வரும். இங்கேயே கிடக்கட்டும். அந்தப் பாரம் என்னோட போகட்டும்."

நான் அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னேன். ஆமாம். நன்றி. வாசல் வரை வந்து, அலுமினியத் தாள் மூடிய ஒரு தட்டு எலுமிச்சைக் கேக்கும் கொடுத்து அனுப்பினார்.

ஒரு காலில் சாக்ஸ் இல்லாமல் காருக்கு நடந்தேன். பணம் இல்லை, ஆம்ப் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. போனில் வெஸ்ஸின் செய்தி: "கோல்டன்கிட்ட சொல்லிட்டேன். சாரி."

பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு அம்மா இலை கூட்டிக்கொண்டிருந்தார். என் வீங்கின கண்ணைப் பார்த்தார். கையில் இருந்த தட்டைப் பார்த்தார். வேலியோரம் வந்து, ரொம்ப அக்கறையாகக் கேட்டார்:

"ஏம்மா, காலையில இதே ஆம்பைக் கொன்னுட்டு அழுதுகிட்டே போன பையனுக்கு ரெண்டு தட்டு குடுத்தாரே, உனக்கு மட்டும் ஏன் ஒண்ணு?"