எண்ணூற்று நாற்பத்தேழாம் இடம்

மனித இனம் கண்டுபிடித்தவற்றுள் ஆகச் சிறந்தது நெருப்போ சக்கரமோ அல்ல, காத்திருப்போர் பட்டியல்தான். ஒரு மனிதனை ஒன்றும் கொடுக்காமல் நிற்க வைத்து, நிற்பதற்காக அவனையே பெருமைப்படவும் வைக்கும் வல்லமை வேறு எதற்கு உண்டு? இதைப் போகிற போக்கில் சொல்லவில்லை. எங்கள் மாநகரின் பிராங்ஸ் பகுதியில் மிக உயர்ந்த பட்டியலில் எண்ணூற்று நாற்பத்தேழாம் இடத்தை வகித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

என் பெயர் வில்ஃப்ரெடோ பாயேஸ். லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில். என் மகள் யாரிட்சா ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். செப்டம்பரில் நடுநிலைப் பள்ளியில் சேர வேண்டும். எங்கள் தெருக்கோடியில் நான்கு மாடியுடன் ஒரு அரசுப் பள்ளி நிற்கிறது. வீட்டிலிருந்து இரண்டு நிமிட நடை. அதில் இடம் இருக்கிறது. அதுதான் அதன் குறை. போய்க் கேட்டால் உடனே சேர்த்துக்கொள்ளும் பள்ளியை எந்தத் தகப்பன் மதிப்பான்?

மதிப்புக்குரிய பள்ளியின் பெயர் 'மேன்மை ஏணி'. அரசு பணம் தரும், தனியார் குழு ஒன்று நடத்தும், கட்டணம் கிடையாது. இந்த வகைக்கு எங்கள் ஊரில் சார்ட்டர் பள்ளி என்று பெயர். ஆறாம் வகுப்பில் தொண்ணூறு இடங்கள். ஏப்ரலில் குலுக்கல். பெயர் விழுந்தவர்கள் பள்ளிக்குப் போவார்கள். விழாதவர்களுக்கு ஓர் எண் கிடைக்கும். எங்களுக்கு 847 கிடைத்தது.

"எண்ணூத்தி நாப்பத்தேழா? யாரிட்சா கல்யாணம் ஆகிப் புள்ளை பெத்தா, அதுக்கு வேணும்னா எடம் கெடைக்கும்" என்றாள் என் மனைவி அல்டாகிராசியா. எண்ணின் அருமை அவளுக்குத் தெரியவில்லை. தெருவுக்குத் தெரிந்தது. முடிவெட்டும் கடைக்காரர் கத்தரியை எடுக்குமுன் என் எண்ணைக் கேட்டார். ஆயிரத்துக்கு உள்ளே என்றதும் சுழல்நாற்காலியைத் துடைத்துவிட்டார். ஆயிரத்து நூறு வாங்கியவர் ஓரமாக நின்று பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார், பாவம்.

அந்தச் சமயத்தில் யாரிட்சா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருக்கோடிப் பள்ளிக்குப் போனாள். மூன்றாம் மாடியில் அறிவியல் அறை. ஆசிரியர் பிரெண்டிஸ் அங்கே ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில் டிரவுட் மீன் வளர்த்தார். அக்டோபரில் முட்டையாக வரும். பிள்ளைகள் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து, குளிர்காலம் முழுதும் உணவிட்டு, மே மாதம் பஸ்ஸில் கொண்டுபோய் வடக்கே ஒரு ஓடையில் விடுவார்கள். ஓடைமீன் என்பதால் தண்ணீர் எப்போதும் சில்லென்று இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு குளிர்விக்கும் இயந்திரம் சுவரோரம் உறுமிக்கொண்டிருந்தது. யாரிட்சா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவள் அரைமணி நேரம் நகரவில்லை. எனக்கு அந்த இயந்திரம் பிடித்திருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"சார், இங்க காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு தூரம் போகுது?"

"பட்டியலா? அப்படி ஒண்ணும் இல்லீங்க. நாளைக்கே வரலாம்."

"ஒருத்தர்கூடக் காத்திருக்கலையா?"

"எதுக்குக் காத்திருக்கணும்? அதான் எடம் இருக்கே."

இப்படிப்பட்ட மனிதரை நம்பி எப்படிப் பிள்ளையை விடுவது? வெளியே வந்ததும் யாரிட்சா, "அப்பா, நான் இங்கயே படிக்கிறேனே" என்றாள். பத்து வயதில் எண்களின் மேல் மரியாதை வராது. யோசிக்கலாம் என்றேன்.

யோசிக்க எங்களுக்கு ஒரு அமைப்பே இருந்தது. 'மேன்மை ஏணிக் காத்திருக்கும் பெற்றோர் பேரவை' சனிக்கிழமை மதியங்களில் சலவைக்கடையில் கூடும். துணி சுழலும் வரை காத்திருக்கப் பழகியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான மண்டபம் கிடையாது. தலைவி கார்டீலியா விட்ஃபீல்டு அம்மையார். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் வைத்திருந்ததால் போட்டியின்றித் தேர்வானார். கையெழுத்து அழகாக இருந்ததால் நான் செயலாளர்.

மே முதல் வாரத்தில் பள்ளியின் 'தேவை வளர்ச்சி இயக்குநர்' கெர் என்பவர் வந்தார். இறைச்சி அடைத்துப் பொரித்த எம்பனாடா ஒன்றைக் கடித்துக்கொண்டே ஒரு வரைபடத்தை விரித்தார். கோடு மேலேறி, அட்டையைத் தாண்டி, துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் ஒட்டிய தாளில் தொடர்ந்தது. சென்ற ஆண்டு பட்டியலில் ஆயிரத்து நூறு பேர், இந்த ஆண்டு இரண்டாயிரத்து நூற்று நாற்பது. பெற்றோரின் இந்தத் தாகத்தை எப்படித் தணிப்பது என்று எங்களையே ஆராயச் சொன்னார். தேவை உண்மைதான் என்று சான்று அளிக்கும் பொறுப்பு செயலாளருக்கு வந்தது.

நான் சிரத்தையானவன். பட்டியலின் முதல் நாற்பது வீடுகளுக்குத் தொலைபேசினேன். இருபத்தொன்பது வீடுகளில் பிள்ளைக்கு வேறு பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஐந்து குடும்பம் புளோரிடாவுக்குக் குடிபோய்விட்டது. ஒரு அப்பா, எந்தக் காலத்திலோ பெயர் கொடுத்த தன் மகன் இப்போது ராணுவத்தில் இருப்பதாகவும், இடம் வந்தால் விடுப்புக் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். மிச்சம் ஐந்து பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: இது எந்தப் பள்ளி? எல்லாரும் எதற்கும் இருக்கட்டும் என்று ஆறேழு பள்ளிக்குப் பெயர் கொடுத்தவர்கள். நானே ஏழு கொடுத்திருந்தேன்.

இதைப் பேரவையில் தயங்கித் தயங்கி வாசித்தேன். தலைவி உலர்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"வில்ஃப்ரெடோ, போனவங்க யாராச்சும் பேரை எடுக்கச் சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"பாத்தீங்களா? ஊரை விட்டுப் போயும் பேரை விட மனசு வரலை. அப்ப தேவை நாம நெனச்சதைவிடப் பலமா இருக்கு. அப்படியே எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன்.

தேவை நிரூபணமானால் இடம் தேட வேண்டும். மேன்மை ஏணி வெகுதூரம் தேடவில்லை. தெருக்கோடி அரசுப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். நாங்கள் யாரும் சேர்க்கவில்லை அல்லவா? ஆகவே அதன் மேல் இரண்டு மாடிகள் 'போதிய பயன்பாட்டில் இல்லாதவை' என்று அறிவிக்கப்பட்டன. அவற்றை ஏணிக்குக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க, அதே பள்ளியின் அரங்கில், ஒரு வியாழக்கிழமை மாலை மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். யாரும் பேசலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

அன்றைக்கு யாரிட்சாவுக்குப் பாட்டுப் பயிற்சி. போகும்போது நான்காக மடித்த ஒரு தாளைக் கொடுத்தாள்.

"அப்பா, இதை மைக்ல படிச்சுக் காட்டணும். மறக்கக் கூடாது."

"மறப்பேனா கண்ணு?"

மறக்கவில்லை. ஆனால் என் உரையே இரண்டு நிமிடம் ஐந்து வினாடி வந்தது. ஒரு வாரம் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த உரை. "எண்ணூத்தி நாப்பத்தேழுங்கறது ஒரு எண் இல்லை, அது ஒரு கொழந்தை" என்று நான் முடித்தபோது கெர் எழுந்து நின்று கைதட்டினார். ஓரத்தில் பிரெண்டிஸ் உட்கார்ந்திருந்தார். அவர் கைதட்டவில்லை. தன் முறை வந்தபோது, மூன்றாம் மாடி அறையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார். மீனைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது மணி அடித்துவிட்டது. விதி என்றால் விதி.

கூட்டம் முடிந்ததும் அதிகாரிகள் பெற்றோரின் கடிதங்களைச் சேகரித்தார்கள். செயலாளர் என்ற முறையில் எங்கள் பேரவையின் ஆதரவுக் கடிதக் கட்டு என் கையில் இருந்தது, யாரிட்சாவின் தாள் சட்டைப்பையில் இருந்தது. அதைத் தனியாகக் கொடுத்தால் தனி மேசைக்குப் போக வேண்டும், அங்கே பதினைந்து பேர் வரிசை. என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் எல்லாம் ஒரே இடத்துக்குத்தானே போகப்போகிறது என்று கட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், "படிச்சியாப்பா?" என்றாள். கொடுத்துவிட்டேன் என்றேன். பொய் இல்லை.

இரண்டு மாடிகளும் ஏணிக்குக் கிடைத்தன. இடங்கள் பெருகின. ஆகஸ்டில் எங்களுக்குக் கடிதம் வந்தது: யாரிட்சாவுக்கு இடம் உண்டு. நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அல்டாகிராசியா மட்டும், "எந்தக் கட்டடம்னு பாத்தியா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் முதல் வாரம் சீருடை மாட்டி மகளை அழைத்துப் போனேன். இரண்டு நிமிட நடை. அதே கட்டடம். பக்கவாட்டு வாசல் எங்களுக்கு, முன்வாசல் கீழ்மாடிப் பிள்ளைகளுக்கு. படிக்கட்டில் ஒரு புதுக் கதவு போட்டு, இரண்டு பள்ளிகளும் ஒன்றையொன்று பார்க்காதபடி மேன்மையாகப் பிரித்திருந்தார்கள். கூரையில் அதே ஈரக்கறை. கதவுக் கண்ணாடி வழியே பிரெண்டிஸ் ஒரு தள்ளுவண்டியில் நுண்ணோக்கிகளை ஏற்றி, அறை இல்லாமல் வகுப்பு வகுப்பாக உருட்டிக்கொண்டு போவது தெரிந்தது. தொட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சைகையில் கேட்டேன். கதவைக் கொஞ்சம் திறந்து, தாழ்வாரத்தில் மின்பிளக் இல்லை என்றும், இந்த வருஷம் முட்டை வேண்டாமென்று எழுதிவிட்டதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் மாடியில் அந்த அறைக்குப் புதுப் பலகை மாட்டியிருந்தது: 'காத்திருப்போர் பட்டியல் அலுவலகம்'. கெர் வாசலிலேயே கையைக் குலுக்கினார். அறை இல்லாத பள்ளியில் தங்கள் பிள்ளைகள் எதற்கு என்று கீழ்மாடிப் பெற்றோரும் பெயர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பட்டியல் மூவாயிரத்தைத் தொட்டுவிட்டதாம். உங்களைப் போன்ற பெற்றோரால்தான் இது சாத்தியமானது என்று மனதாரச் சொன்னார்.

யாரிட்சா சுவரோரம் போய் நின்றாள். முன்பு இயந்திரம் உறுமிய இடம். இப்போது அங்கே 'எங்கள் பெற்றோரின் குரல்' என்ற தலைப்பில் ஆதரவுக் கடிதங்களைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். நடுவில், நான்காக மடித்த கோடுகள் தெரிய, ஒரு சின்னத் தாள். மூலையில் முத்திரை: 'ஆதரவு, எண் 413'. பென்சிலில் எழுதியிருந்தது: 'மீனை இங்கயே விடுங்க. அதுக்கு ஜில்லுத் தண்ணி வேணும். நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கே வர்றேன்.'

அவள் அதை மெல்ல வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீ இதை யாருகிட்ட குடுத்த?"

லிஃப்ட் கயிறு அறுந்தால்கூட என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. முதல் மணி அடித்துவிட்டதால், சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். நேற்றோடு ஏழு மாதம் ஆகிறது. என் பதிலுக்கு இன்னும் ஒரு காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. அதில் ஒரே ஒரு பெயர்தான். இது உண்மையான தேவை என்று செயலாளர் என்ற முறையில் சான்றளிக்கிறேன்.