சுவிட்சைப் போடும் முன்

ஆளுக்கொரு பதில் வைத்திருப்பவர் என்றொரு இனம் உண்டு. எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள் என்றாலும், வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கும் இயற்பியல்காரர்களிடையே இந்த இனம் கொழுகொழுவென்று வளர்கிறது. ஏனென்று கேட்கிறீர்களா? கேள்வி கேட்கிற ஆட்கள் அங்கே அதிகம். அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கிற வாய்ப்போ அறவே இல்லை.

நம்மவரையே எடுத்துக்கொள்ளுங்கள். லேசர் ஒளியால் அணுக்களைக் குளிரவைத்து, அசையாமல் உட்காரவைத்து அளப்பது அவர் தொழில். ஆய்வுக்கூடத்துச் சாப்பாட்டு மேசையில் உடன் வேலை செய்பவர்கள் கடவுளைப் பற்றிக் கேட்டால், “அளக்க முடியாததைப் பற்றி எனக்குக் கருத்து கிடையாது” என்று காப்பியை உறிஞ்சுவார். ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடுகிற வீட்டில் அதே கேள்விக்கு, “விஞ்ஞானம் ஓரளவுக்குத்தாங்க, அதுக்கு மேல ஒரு சக்தி இருக்கு” என்று குரலைத் தாழ்த்துவார். நீ யார் என்றால் அங்கே ‘இயற்பியல்காரன், அவ்வளவுதான்’. இங்கே ‘எங்க போனாலும் நாம நாமதானே!’ அம்மா தினமும் போனில் கேட்பது மட்டும் ஒன்றே ஒன்றுதான்.

“கும்பிட்டியாடா?”

“கும்பிட்டேன்மா.”

அப்போது அவர் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நிற்பார்.

“ரெண்டு பக்கமும் நல்ல பிள்ளை! என்னைக்காவது ரெண்டு பக்கமும் ஒரே ரூம்ல வந்து நிக்கட்டும், அப்ப இருக்கு உங்களுக்கு” என்பாள் மனைவி.

பச்சைப் புளுகர் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். லேசர் சுவிட்சைப் போடும் முன் ஒரு நொடி கண்ணை மூடுவார். உதடு லேசாக அசையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பயத்தில் அப்படிச் செய்தார். அன்றைக்கென்று பார்த்து அணுக்கள் சமர்த்தாக வந்து மாட்டின. அதன் பிறகு விட முடியுமா? நன்றாக நடக்கிற சோதனையில் நிபந்தனைகளை மாற்றக் கூடாது என்பது பாலபாடமாயிற்றே! ஆகவே அது கும்பிடுவதல்ல, செய்முறை. பார்த்தீர்களா, தனக்குச் சொல்லிக்கொள்ளவும் ஒரு பதில் வைத்திருந்தார்.

ஒரு நாள் ஊரிலிருந்து அம்மா வந்து இறங்கினார். மறுநாளே, “நீ வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்கணும்டா” என்றார். நம்மவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அப்பா போன பிறகு அம்மாவுக்குத் தெம்பே சாமிதான் என்று நம்பியிருந்தார். பிள்ளைக்கு நம்பிக்கையில்லை என்று தெரிந்தால் மனசு உடைந்துவிடும். நம்பிக்கை இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் தெரிந்தாலோ, மானம் கப்பலேறிவிடும். நல்ல வேளை, அம்மாவுக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்கப் போவது யார்? இவரேதான்!

கண்ணாடிகளும் லென்சுகளும் நெருக்கியடித்து நின்ற மேசைக்குப் பக்கத்தில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அம்மா கேட்டார்: “இந்தம்மாகிட்ட கேளு, என் பிள்ளை இங்கயாவது ஒழுங்கா கும்பிடறானான்னு.”

“இயந்திரம் மிகவும் அழகாக இருக்கிறதாம்” என்றார் நம்மவர், ஆய்வுக்கூடத் தலைவியிடம்.

“ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதவர் உங்கள் மகன் என்று சொல்” என்றார் தலைவி.

“நான் ரொம்ப பக்தியான பையனாம்மா.”

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அந்தப் பாவி டெக்னீஷியன் சும்மா இருந்திருக்கலாம். உன் பிள்ளை எப்படி வேலை செய்வான் தெரியுமா என்று கை ஜாடையில் கேட்டுவிட்டு, சுவிட்சில் கை வைத்தான், கண்ணை மூடினான், உதட்டை அசைத்தான், நம்மவரைச் சுட்டிக் காட்டினான். கூடமே கொல்லென்று சிரித்தது.

“நீ லீவில் போனால் நாங்கள் முறைவைத்துச் செய்கிறோம்” என்றார் தலைவி. “நிபந்தனைகளை மாற்றக் கூடாதல்லவா?”

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் கேட்டார்.

“நிஜமாவே கும்பிடறியாடா?”

“ஆமாம்மா. அங்க மட்டும்.”

“நான் விட்டுட்டேன்டா. உங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கெஞ்சு கெஞ்சுன்னு கெஞ்சினேன். அவர் போனதோட அதுவும் போச்சு. இவ்வளவு தூரத்துல கெடக்கிறே, உனக்காவது ஒரு பிடி இருக்கட்டும்னுதான் தினம் கேட்டேன். சொன்னா நீ உடைஞ்சுடுவேன்னு பயம்.”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, ஆளுக்கொரு பதில் வைத்திருந்தவர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அம்மா ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

“கும்பிட்டியாடா?”

“கும்பிட்டேன்மா. நீ?”

“கும்பிட்டேன்டா” என்றார் அம்மா, கொஞ்சமும் கூசாமல்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் டாக்டர் கொடுத்த ரிப்போர்ட் உறையைப் பிரிக்கும் முன் அன்றைக்கு ஒரு நொடி கண்ணை மூடினீர்களே, அது என்ன? கண்ணில் தூசியா? அல்லது, மூடிக் கும்பிட்டதாக வீட்டில் சொல்லிவிட்டு, மூடவே இல்லையா? எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம். யார் கேட்டால் எதைச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்களே, அது போதும்.