டில்லிப் பெட்டிக்குள் ஒரு மடை

பெருநகர்,
புரட்டாசி 9, 1986

அன்புள்ள மாப்பிள்ளை பாண்டுரங்கன் அவர்களுக்கு மாமனார் வேதாசலம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை, கறவை மாடு யாவரும் சுகம். அங்கு உங்கள் சுகமும், கனகாவின் சுகமும், அவள் வயிற்றில் இருப்பவரின் சுகமும் அறிய ஆவல்.

டாக்டர் ரயில் பயணம் வேண்டாம் என்கிறார், அதனால் தலைப்பிரசவம் டில்லியிலேயே நடக்கட்டும், குளிருக்கும் பயமில்லை, வேலை செய்யும் இடத்தில் கழித்துப்போட்ட ஏசி பெட்டியைச் சரிசெய்து மாட்டியிருக்கிறேன், கோடையில் குளிர்ச்சியும் பனிக்காலத்தில் சூடும் தரும் என்று எழுதியிருந்தீர்கள். நான் நம்பவில்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கம்ப்ரஸர் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் வாயுவைத் தள்ளுமாம், நடுவில் இருக்கும் வால்வு அது போகிற வழியை மட்டும் மாற்றிவிடுமாம், கோடையில் அறைச் சூட்டை வாரி வெளியே கொட்டுகிற அதே வாயு, பனிக்காலத்தில் வெளியே கிடக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டை வாரி அறைக்குள் கொட்டுமாம். இதை விளக்க உங்கள் அத்தையைப் பம்ப்செட்டுக்கு அழைத்துப்போனேன். பாரடி, மோட்டார் ஓடுவது ஒரே பக்கம், தண்ணீர் கிழக்கே போவதும் மேற்கே போவதும் மடையைப் பொறுத்தது என்று சொல்லி, மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறந்தேன். நன்றாகப் புரிந்துவிட்டது, எனக்கு. அந்தச் சந்தோஷத்தில் மடையை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தண்ணீர் பக்கத்துக் கழனிக் கன்னியப்பனின் நாற்றங்காலில் புகுந்து, அவன் அப்போதுதான் தெளித்த விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. "இன்னாண்ணே, டில்லில பனி பேயுதுன்னு என் வெதைய மெதக்க வுட்டுட்டியே!" என்று வாசலில் நின்று கத்தினான். நம் விதைநெல்லை எடுத்துக் கொடுத்த பிறகுதான் மோர் குடித்தான்.

ஆகையால் உங்கள் பெட்டி பொய்யில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வால்வு சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள் மாப்பிள்ளை? மடை என்றால் காலால் ஒரு உதை விடலாம். சூடு வரவேண்டிய நேரத்தில் குளிர் வந்தாலும் கனகா வாய் திறந்து சொல்லமாட்டாள், காய்ச்சலைக்கூட மறைக்கிற பெண். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான், அதுதான் நம் வழக்கம். மெதுவாக ஓடும் ரயிலாகப் பார்த்து அனுப்பிவையுங்கள். இது என் முடிவு, மாற்றமில்லை.

இருவரும் ஒரு குறையுமில்லாமல் நெடுநாள் வாழவேண்டும். கனகாவை வெறுந்தரையில் உட்காரவேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
வேதாசலம்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடவும். ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "தாய் வூடுன்னா இந்த ஓட்டு வூடா? ஆத்தாக்காரி கீற எடந்தானே தாய் வூடு? மோட்டார் அதேதான், மடையத்தான் மாத்தணும்னு நீதானே சொன்ன? அவ இங்க வர வேணாம், நாம அங்க போலாம்" என்றாள். கார்த்திகையில் வருகிறோம். மாட்டைக் கன்னியப்பன் பார்த்துக்கொள்கிறான். பிரசவ மருந்து இடிக்கிற சத்தம் இப்போதே கேட்கிறது. பெட்டியைச் சூட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள். வந்த இடத்தில் அதன் மடையை நான் தொடமாட்டேன் என்று உங்கள் அத்தைக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.