ஒன்றரைப் பாகை

மரித்தோர் திருநாள் கழிந்த மறுநாள், காலைத் தேத்தண்ணியைக் குடித்து முடித்த கையோடு சவிரிமுத்தர் ஒரு முடிவெடுத்தார். இந்த மாரிக் குளிருக்குத் தன் பட்டறைக்குள் ஒரு துளி காற்றும் நுழையாது. நுழைவதென்றால் அது அவரைக் கேட்டுத்தான் நுழைய வேண்டும்.

முடிவை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் கோப்பை கழுவியவர். அங்கே பேச வேண்டிய தேவை வரவில்லை. அதனால் அவருக்குப் பேச வராது என்பதும் யாருக்கும் தெரிய வரவில்லை. ஓய்வு எடுத்த பிறகுதான் அது வெளியே வந்தது.

பட்டறை என்றதும் பெரிதாக நினைக்கக் கூடாது. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், மெத்ரோ ரயில் பாலத்துக்குப் பின்தெருவில், நாலாம் மாடி வீட்டின் கடைசி அறை அது. மகள் மெலானி கலியாணம் முடித்து ஸ்தேன் புறநகருக்குப் போனபின் வெறுமையாகக் கிடந்தது. நீளம் மூன்று மீற்றர், அகலம் இரண்டு மீற்றர் நாற்பது. உள்ளே ஒரு மேசை, ஒரு விளக்கு, பசை, வர்ணம், சுரூபங்கள் என்கிற உடைந்த புனிதர் சிலைகள். கை போன அந்தோனியார். வாள் முறிந்த மிக்கேல் சம்மனசு. எந்தப் புனிதருடையது என்று இன்னும் தெரியாத ஒரு தலை. சனங்கள் வீடு மாறும்போதும் தூசி தட்டும்போதும் உடைப்பார்கள். சவிரிமுத்தர் ஒட்டிக் கொடுப்பார். அவருடைய மனைவி சுகிர்தம் அந்த அறைக்கு ஆசுப்பத்திரி என்று பேர் வைத்திருந்தாள்.

காற்றை அடைப்பதற்குப் பசையைக் காரணம் காட்டலாம். உண்மைக் காரணம் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் நாலு மணிக்கு வரவேற்பறையான சலோனில் செபமாலை நடக்கும். ஐந்து பெண்கள் வருவார்கள், சுகிர்தத்தோடு ஆறு. கோடையில் அவர் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மாரியில் பட்டறையின் வெப்பம் பதினொரு பாகைக்கு இறங்கிவிடும். விரல் மடங்காது. வேறு வழியில்லாமல் சலோனின் மூலையில் வந்து குந்த வேண்டும். செபம் முடிந்ததும் தொடங்கும்.

"அண்ணை, முழங்கால் எப்பிடி?" என்பாள் திரான்சியிலிருந்து வரும் அஜந்தா.

"இருக்கு."

"இருக்கெண்டால் எப்பிடி அண்ணை? நோகுதோ, நோகேல்லையோ?"

"ரெண்டும்."

ஆறு பேரும் சிரிப்பார்கள். சவிரிமுத்தருக்குக் காது மடல் சுடும். மாரி காலத்தில் அவர் உடம்பில் சுடுகிற இடம் அது ஒன்றுதான்.

ஆகவே காற்றுவேட்டை தொடங்கியது. மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்திச் சுவரோரமாக அங்குலம் அங்குலமாகக் கொண்டுபோனார். சுடர் சாய்கிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

"அது கோயிலில ஆசீர்வதிச்ச மெழுகுதிரியெல்லே?" என்றாள் வாசலில் நின்ற சுகிர்தம்.

"சுடர் ஆடாம எரியுது."

"காத்துப் பிடிக்கவோ ஆசீர்வதிச்சுத் தந்தவை?"

அவர் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது ஓட்டை. சன்னல் சட்டத்தில் ஐந்து, குழாய் போகிற இடத்தில் இரண்டு, கதவின் கீழே ஒன்று. ஒன்பதாவது, மேலே காற்றுப் போக வைத்த சல்லடை. அதை அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், பசை மணமும் வெளியே போகாது, வீட்டுக்காரனும் விடமாட்டான். அதை விட்டுவிட்டு எட்டையும் அடைத்தார். சட்டத்துக்கு நுரைப்பட்டி, குழாய்க்குக் களி, கண்ணாடிக்குமேல் குமிழி பிளாஸ்ரிக்.

"கதவடிக்கு ஒரு பழைய சீலை தாரும்," என்றார்.

"என்னட்டைப் பழைய சீலை இல்லை."

"அலுமாரியில நாப்பத்திரண்டு கிடக்கு."

"எண்ணினனீங்களோ?"

"கதவு திறந்து கிடந்தது."

நாற்பத்தொன்றானது. சீலையை உருட்டித் தைத்துக் கதவடியில் போட்டார். பிறகு கதவின் வெளிப்புறத்தில் ஒரு தாள் ஒட்டினார்: 'கதவைத் திறந்தால் இரண்டு பாகை குறையும். தட்டவும்.'

சுகிர்தம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, இது காத்துக்கு எழுதினதோ, எனக்கு எழுதினதோ?"

"பொதுவாய்."

அவள் ஒன்றும் சொல்லாமல் குசினிக்குப் போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனதைச் சவிரிமுத்தர் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். அவளோடு நாற்பது வருடம் வாழ்ந்தவர் அப்படி எடுத்திருக்கக் கூடாது.

தைமாதம் பட்டறை பதினாறு பாகையில் நின்றது. அவர் ஒரு கொப்பியில் நாளுக்கு நாலுமுறை குறித்தார். சனிக்கிழமைகளில் கதவுக்கு அப்பால் செபமும் சிரிப்பும் மெல்லக் கேட்டன. அவர் இப்பால் நிம்மதியாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அஜந்தா தன் வீட்டு லூர்து மாதா சுரூபத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தாள். குவித்த கைகள் இரண்டும் மணிக்கட்டோடு போயிருந்தன. பெப்ரவரி பதினொன்று லூர்து மாதா திருநாள். அன்றைக்கு அவள் வீட்டில் பெரிய செபம். ஸ்தேனிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

சவிரிமுத்தர் ஒட்டினார். காலையில் கைகள் மேசையில் கிடந்தன. மறுபடி ஒட்டினார். மறுபடி கிடந்தன. பசை டப்பாவைப் பூதக்கண்ணாடியால் வாசித்தார். பதினெட்டுப் பாகைக்குக் கீழே பிடிக்காது என்று போட்டிருந்தது. சுவரில் இருந்த பழைய ஹீட்டரோ இதற்குமேல் ஏறாது.

"சலோன் பத்தொன்பதில கிடக்கு. அங்கை வைச்சு ஒட்டினால் என்ன?" என்றாள் சுகிர்தம்.

"பசை மணக்கும்."

மணக்கும்தான். ஆனால் சாமானை ஒருமுறை சலோனுக்குக் கொண்டுபோனால் பிறகு இந்தக் கதவைச் சாத்துவதற்கு நியாயம் இருக்காது. அது அவருக்குத் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சுகிர்தம் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். பெரிய சால்வையால் போர்த்தியிருந்தாள். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, வெப்பமானி தொங்கிய சுவரோரம் இருந்த கதிரையில் இருந்தாள். மெலானியைப் பற்றி, லிப்ட் பழுதானதைப் பற்றி இருபது நிமிடம் கதைத்தாள். போன பிறகு அவர் வெப்பமானியைப் பார்த்தார். பதினேழரை.

புதன்கிழமை அவள் ஸ்தேனுக்குப் போய்விட்டாள். பதினாறு.

வியாழக்கிழமை மறுபடி வந்திருந்தாள். பதினேழரை.

சவிரிமுத்தர் கணக்குக்குக் கட்டுப்பட்ட மனிதர். கொப்பியில் எழுதினார்: 'சுகிர்தம் உள்ளே. ஒன்றரை கூட.' எழுதியதைத் திரும்ப வாசித்தார். நுரைப்பட்டி, களி, சீலை என்று இரண்டு மாதம் முழங்காலில் நின்று அவர் ஏற்றியது ஐந்து பாகை. அவள் சும்மா இருந்து ஒன்றரை ஏற்றிவிட்டாள். ஒரு மனிசிக்குள் இவ்வளவு சூடு இருக்கும் என்று நாற்பது வருடத்தில் அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். அளந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவராகவே குசினி வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் வந்து இரும்."

"எங்கை?"

"பட்டறையில."

"ஏன்?"

"சும்மா. சூட்டுக்கு."

சுகிர்தம் அடுப்பை நிறுத்தினாள். "நாப்பது வரியத்தில பக்கத்தில வந்து இரும் எண்டு இண்டைக்குத்தான் கேக்கிறியள். அதுவும் சூட்டுக்கு."

வந்து இருந்தாள். கொப்பி மேசையில் திறந்து கிடந்தது.

"இதென்ன, என்ர பேர்?"

"கணக்கு."

"நான் ஒண்டரையோ?"

"ஓம்."

"அப்ப இன்னும் அரைதானே குறையுது. அஜந்தா என்னைவிடக் கொஞ்சம் பருமன். ரெண்டு வைப்பமோ?"

"அப்பிடிக் குத்துமதிப்பா வைக்கேலாது. அளந்து பாக்கோணும்."

சொன்ன பிறகுதான் சவிரிமுத்தருக்குத் தான் சொன்னது என்னவென்று விளங்கியது.

"நாளைக்குச் சனிக்கிழமைதானே," என்றாள் சுகிர்தம். "அளப்பம்."

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆறு பெண்களும் ஆளுக்கொரு சால்வையோடு பட்டறைக்குள் வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. சீலை உருட்டு கதவடியில் வைக்கப்பட்டது. அவருக்கு மேசைக்கும் அஜந்தாவுக்கும் நடுவே ஒன்றரைச் சாண் இடம் கிடைத்தது. மாதாவின் கைகளில் பசை பூசிப் பொருத்திப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்துமூன்று அருள்நிறை மந்திரமும் சொல்லி முடிந்தபோது வெப்பமானி இருபத்தொன்றைக் காட்டியது. கையை எடுத்தார். மாதாவின் கைகள் நின்றன.

முழங்காலைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

"அண்ணை, இந்தச் சம்மனசின்ர மூக்கு நீங்கள் வைச்சதோ?" என்றாள் அஜந்தா.

"ஓம். முந்தியிருந்த மூக்குச் சரியில்லை. சாடையா இடப்பக்கம் சரிஞ்சது," என்றார். அதோடு நிற்கவில்லை. மூக்குக்கு எந்த அரம், கன்னத்துக்கு எத்தனை பூச்சு, அந்தத் தலை ஏன் சூசையப்பராக இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு யோசித்துப் பார்த்தார். பதினொரு நிமிடம் பேசியிருந்தார்.

பெண்கள் போனபின் கதிரைகளை அடுக்கினார். சுகிர்தத்தின் கதிரை மெத்தைக்குக் கீழே ஏதோ மொத்தமாகக் கிடந்தது. இழுத்தார். சுடுதண்ணி நிரப்பிய இறப்பர்ப் பை. இன்னும் சூடு ஆறவில்லை.

அதன் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார்.

"இதென்ன?"

"சுடுதண்ணிப் பை."

"எத்தினை நாளா?"

"அந்தச் செவ்வாய்க்கிழமையிலயிருந்து."

"இண்டைக்கு மற்றவையும்?"

"ஆளுக்கொண்டு, சால்வைக்குள்ள. ரூ காய் தெருவில இரத்தினத்தின்ர கடையில இருந்ததெல்லாம் முடிஞ்சுது."

சவிரிமுத்தர் குசினிக் கதிரையில் இருந்தார். "அப்ப அந்த ஒண்டரை பொய்."

"நான் வந்திருந்தது பொய்யோ?"

"ஏன் இப்பிடிச் செய்தனீர்? கேட்டிருக்கலாமே."

"கேட்டால் உள்ளுக்கு விட்டிருப்பியளோ? கதவில தாள் ஒட்டியிருக்கு. கணக்குக் காட்டினால்தானே நீங்கள் திறப்பியள்."

கோபிக்கலாமா என்று தேடிப் பார்த்தார். மாதாவின் கைகள் நின்றதும், பதினொரு நிமிடமும் குறுக்கே வந்தன. ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்தியது.

"சரி. ஒண்டு கேக்கிறன். இவ்வளவு பெரிய பையில கொதிதண்ணி. வெப்பமானிக்குக் கீழ இருபது நிமிசம். மூண்டெண்டாலும் ஏறியிருக்கோணும். எப்பிடி ஒண்டரையில நிண்டது?"

சுகிர்தம் பையை வாங்கி மூடியைத் திருகித் தண்ணியைத் தொட்டியில் ஊற்றினாள்.

"முதல்நாளே மூண்டு ஏறினால் நீங்கள் சந்தேகப்படுவியள் எண்டு பாதிக்குப் பச்சைத்தண்ணி கலந்தனான்."