திருமேனி பெற்ற ஓரங்குலம்

ஒரு காட்டில் ஆண் விலங்குகளுக்கெல்லாம் ஒரே குளிதுறைதான். கேடு அங்கேதான் தொடங்கியது.

திருமேனி என்ற கடுவன் குரங்கு ஒருநாள் குளித்துக் கரையேறியபோது, நரி அவன் இடுப்புக்குக் கீழே பார்த்துவிட்டு, "என்னப்பா, வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா?" என்றது. துறையே சிரித்தது. அன்றிலிருந்து திருமேனி குளிப்பதை விட்டான்.

அவன் மனைவி, மந்தி செவ்வந்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "நான் என்னைக்காவது குறை சொன்னேனா? ஏழு குட்டி பெத்திருக்கோம்."

"நீ சொல்லி என்னடி? நரி சொல்லணும்."

குளத்தோரம் நண்டு டாக்டர் ஆணுறுப்பை நீளமாக்கும் அறுவை சிகிச்சை செய்துவந்தது. திருமேனி விடியும் முன்பே போய் டோக்கன் வாங்கினான். வரிசையில் அத்தனை பேரும் தாமரை இலையால் முகத்தை மூடியிருந்தார்கள். கேட்டால், பல்வலி என்றார்கள். முன்னால் நின்றவரைக் காதுகள் காட்டிக்கொடுத்தன.

"கழுதையண்ணே, உங்களுக்கு என்ன குறைச்சல்?"

"யானைக்கு அடுத்த படியில நின்னு குளிச்சுப் பாரு தம்பி, தெரியும்."

நண்டு கொடுக்கைத் துடைத்தபடி விளக்கியது. "உறுப்புல பாதி உடம்புக்குள்ளதான் இருக்கு. எலும்போட அதை இழுத்துப் பிடிச்சிருக்கிற தசைநாரை வெட்டிவிட்டா, ஓரங்குலம் வெளிய இறங்கும். படிவத்தைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

'நீளமாகத் தொங்கும், முன்போல் மேல்நோக்கி நிற்காது' என்று எட்டாவது வரியில் இருந்தது. திருமேனி 'ஓரங்குலம்' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டான்.

புண் ஆறியதும் துறைக்குப் போனான். பார்த்த நரி தன் படியை விட்டு இறங்கி அவனுக்கு இடம் கொடுத்தது. பிறகு, "அண்ணே, முதுகு தேச்சு விடட்டுமா?" என்றது. திருமேனிக்குக் கண் கலங்கியது.

அன்று மாலை, பூத்த மாமரக் கிளையில் செவ்வந்தி காத்திருந்தாள். நெடுநேரம் இருவரும் முயன்றார்கள். அது மண்ணையே பார்த்தது. செவ்வந்தி கோபிக்கவில்லை. "சரி, திரும்பி உட்காருங்க. பேனாவது பாக்குறேன்" என்றாள்.

மறுநாள் காலை நண்டிடம் ஓடினான். "டாக்டர், திரும்பத் தைச்சு விடுங்க!"

"எனக்கு இருக்கிறது கொடுக்கு. வெட்டத்தான் வரும்."

தளர்ந்து வெளியே வந்தான். துறையில் அவனைப் பார்த்தவர்களின் வரிசை குளத்தையே சுற்றி வளைந்திருந்தது. முதலில் உட்கார்ந்திருந்த காட்டுப்பன்றி எழுந்து வணங்கியது. "அண்ணே, மறைக்காம சொல்லுங்க. நல்லா இருக்கா?"

அத்தனை கண்களும் அவனையே பார்த்தன. திருமேனி இடுப்பில் கைவைத்து நின்றான்.

"பிரமாதம், தம்பி. கண்ணை மூடிக்கிட்டு உள்ள போ."

நீதி: நிமிர்வதை ஒருத்திதான் அறிவாள், தொங்குவதை ஊரே அறியும். ஆகையால் ஊருக்காக வாழ்க.